வெள்ளி மட்டும்

மீரான்கனி எழுதியதெல்லாம்
டைம்ஷீட்டின் முதுகில்தான்.
முன்பக்கம் யாருக்கு எத்தனை மணி ஓவர்டைம்;
புரட்டினால் கட்டம் ஒன்று, கட்டம் இரண்டு,
டமால், சர்ர்ர்,
பதினாறாம் மாடிச் சாரத்திலிருந்து
ஒருவன் குதிக்கிறான்.

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
அறைக்கு ஆறு கட்டில், பன்னிரண்டு பேர்.
அவன் கீழே, நான் மேலே.
கைலியைத் திரையாகக் கட்டிக்கொண்டு
டார்ச்சைப் பல்லில் கவ்வி எழுதுவான்.
வில்லன் சிரிக்கிற இடத்தில்
தாளில் எச்சில் விழும்.

அவனுடைய நாயகனுக்கு
வாரத்தில் ஒருநாள்தான் பறக்க வரும்.
மற்ற ஆறு நாளும் கம்பி கட்டுகிறவன்.
அதனால் வெள்ளி வீரன்.
சிவகாசியில் இருந்த ஓவியருக்கு
அது கிழமை என்று தெரியவில்லை.
உலோகம் என்று நினைத்து
உச்சி முதல் கால்வரை பளபளக்க வைத்துவிட்டார்.
முதல் இதழ் தபாலில் வந்த அன்று
அட்டையை வெகுநேரம் பார்த்தான்.
"இந்த வெயில்ல தகரச் சட்டை.
செத்துருவானே பாவி."
திருத்தச் சொல்லி எழுதவில்லை.
இரண்டாம் இதழில்
வீரனுக்குத் தாகம் சேர்த்தான்.

வில்லன் முதலில் எங்கள் போர்மேன்தான்.
மீசை, வாக்கிடாக்கி,
சம்பளத்தில் பிடிக்கும் விதம் எல்லாம் அப்படியே.
பதிப்பாளர் பயந்து கார்டு போட்டார்:
வேறு கிரகத்துக்கு மாற்றவும்.
மாற்றினான்.
செவ்வாயிலிருந்து இறங்கினான் வில்லன்,
பச்சைத் தோல், மூன்று கண்,
மீசை மட்டும் அதே மீசை.
அன்றிலிருந்து போர்மேன் தலை தெரிந்தால்
"செவ்வாய் வருது" என்போம்,
ஞாயிற்றுக்கிழமையானாலும்.

ஐம்பத்து மூன்று இதழ்.
இதழுக்கு முந்நூறு ரூபாய்
கடையநல்லூருக்கு மணியார்டராகப் போகும்.
உரிமை என்று ஒரு காகிதம் வந்தது.
சம்பளச் சீட்டில் போடுகிற மாதிரியே
படிக்காமல் போட்டான் கையெழுத்து.
எழுதுறவன் நீ, படிக்க மாட்டியா என்றேன்.
"பஸ் வந்துட்டு, வா" என்றான்.

முகமூடியை எப்போது கழற்றுவான், உள்ளே யார் என்று
தாராபுரத்திலிருந்து ஒரு பையன் பதினோரு கடிதம்.
நானும் கேட்டேன் ஒருநாள்,
குப்பூஸைப் பருப்பில் நனைத்தபடி.
"டூட்டிக்கு எவன் வர்றானோ அவன்."
பிறகு, பருப்பில் உப்பில்லை என்றான்.

விசா முடிந்து ஊருக்குப் போனான்.
சிறுநீரகம். நாற்பத்தெட்டு வயது.
செய்தி எனக்கு வர இரண்டு மாதம் ஆனது.
இறப்புச் சான்றிதழில்
தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு.

போன நவம்பர், புத்தகக் கண்காட்சி.
கெட்டி அட்டை, வழவழத் தாள், நூற்றிருபது திர்ஹம்.
விற்கிற பெண் பார்க்காத நேரத்தில்
நின்றபடியே பாதி படித்தேன்.
ஆக்கம்: பதிப்பகக் குழு.
வீரன் இப்போது ஏழு நாளும் பறக்கிறான்.
தாகமே எடுப்பதில்லை.
வில்லனுக்கு மீசையை மழித்திருந்தார்கள்.
அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது,
மற்றதெல்லாம் பிறகுதான்.

அரங்கு வாசலில்
அதே தகர உடுப்பில் ஒருத்தன்
குழந்தைகளோடு படத்துக்கு நின்றுகொண்டிருந்தான்.
அன்று வெள்ளிக்கிழமை.
தமிழில் கேட்டேன், இந்தியில் கேட்டேன்.
நேபாளத்துப் பையன்.
பத்து மணிவரை டூட்டி, கழற்றக் கூடாதாம்.
முகமூடியில் வாய்ப்பக்கம்
சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.
என் மோர் டப்பாவின் குழாயை அதில் செருகிப் பிடித்தேன்.
உறிஞ்சினான்.

அந்தச் சத்தத்தை
மீரான்கனி எப்படி எழுதியிருப்பான் என்று யோசித்தேன்.
சர்ர்ர் இல்லை.
க்ளக் இல்லை.
வேறு எதுவோ.
அதற்குள் அடுத்த குழந்தை வந்துவிட்டது.
அவன் உதட்டைக்கூடத் துடைக்க முடியாமல்
ஒரு கையை மேலே தூக்கி
பறப்பது மாதிரி நின்றான்.